அத்தான் படம்பிடித்த வெளிச்சம்

பாறசாலை
21 மார்ச் 2025

அன்புள்ள தம்பி உமேஷுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம். பெங்களூர்த் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? ஃபோனில் கூப்பிட்டால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய். மெயில் என்றால் வாயை மூடிக்கொண்டு முழுதும் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

கோவில் திருவிழா முடிந்தது. அம்மன் யானைமேல் வந்து வாசல்தோறும் நெல் வாங்கும் பறையெடுப்பு இந்த வருஷம்தான் முதல்முறையாக நம் சந்துக்குள் வந்தது. இத்தனை காலம் யானை ஜங்ஷனோடு திரும்பிவிடும், நாம்தான் நெல் அளக்கும் பறையை நிறைத்துத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுவோம். பக்கத்து வீட்டுக் கருணாகரன் சேட்டன் கோவில் கமிட்டியோடு மல்லுக்கட்டி இந்தச் சந்துக்குள் வரவைத்தார். படுத்த படுக்கையான பிறகும் ஃபோனிலேயே சண்டை போட்டார். பாவம், மறுநாள் காலையில் போய்விட்டார். விஜயம்மா சேச்சிக்கு இனி யார் இருக்கிறார்கள்? மகள் தன்யா துபாயிலிருந்து வந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். பறையெடுப்பு அன்று சாயங்காலம் அத்தான் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தார். சேச்சி வீட்டுத் தென்னைகளுக்கு மேலே ஒரு கூட்டம் வெளிச்சம், நிறம் மாறி மாறி, மெதுவாகக் கிழக்கே போயிருக்கிறது. ஃபோனில் பிடித்து, “இது என்னது?” என்று ஒரு வரியோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மற்றவர்களெல்லாம் யானையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. யாரோ அதை எடுத்து ‘பாறசாலையில் பறக்கும் தட்டு’ என்று தலைப்பு வைத்துப் பரப்பிவிட்டார்கள். இப்போது நெய்யாற்றின்கரை வரை அத்தானுக்கு அதுதான் பெயர். அவரிடம் பத்திரம் எழுதிக்கொள்ள வருகிறவன், “அண்ணே, இந்தப் பத்திரமாவது ஒரிஜினலாக்கும் இல்லியா?” என்று கேட்டுச் சிரிக்கிறானாம். அவருடைய பிழைப்பே நாலு பேர் அவரை நம்புவதில் இருக்கிறது. வெளியே சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீதான் ‘வானத்துப் புரளி’ என்று சேனல் வைத்து இதையெல்லாம் அலசுகிறவன் ஆயிற்றே. எனக்கு வந்ததை அப்படியே இணைத்திருக்கிறேன். அவர் கள்ளத்தனம் செய்யவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆனந்தலட்சுமி


பெங்களூர்
24 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன், முடிதான் இல்லை. பறக்கும் தட்டு அத்தானுக்கு என் விசேஷ நமஸ்காரம். கருணாகரன் சேட்டன் போனது வருத்தமாக இருக்கிறது. சின்ன வயதில் அவர் மாமரத்தில் கல் எறிந்து நான் வாங்கிய திட்டு கொஞ்சமா நஞ்சமா?

வீடியோ பார்த்தேன். வெளிச்சம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஜனங்கள் எடுத்த எடுப்பில் ‘விண்கலமா?’ என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. சொன்ன நாளில், சொன்ன இடத்தில் எடுத்ததா? சத்தமும் படமும் ஒன்றாகப் பதிந்ததா? இரண்டும் சரி என்றால் வீடியோ உண்மை. மேலே பறந்தது பட்டமா பலூனா என்பது அப்புறம்.

அங்கேதான் இடிக்கிறது. வாட்ஸ்அப் வழியாக வந்ததால் எடுத்த தேதி அழிந்துவிட்டது. அத்தான் ஃபோனில் இருக்கும் ஒரிஜினலை அனுப்பச் சொல். இரண்டாவது, படத்தில் கீழே சேச்சி வீட்டு முற்றம் தெரிகிறது. மேளம் சந்து முனைக்கு வந்துவிட்டது காதில் விழுகிறது. ஆனால் முற்றம் கும்மிருட்டு. விளக்கு இல்லை, பறை இல்லை. அம்மன் வருகிற நாளில் விஜயம்மா சேச்சி விளக்கு வைக்காமல் இருப்பாரா? அதுவும் அவர் வீட்டுக்காரர் சண்டை போட்டு வரவைத்த அம்மனுக்கு? இதற்கு மட்டும் பதில் சொல், அத்தானுக்கு நானே சர்டிபிகேட் தருகிறேன்.

அன்புடன்,
உமேஷ்


பாறசாலை
30 மார்ச் 2025

அன்புள்ள உமேஷ்,

சுகம். அங்கேயும் சுகம்தானே.

ஒரிஜினலை அத்தான் அழித்துவிட்டார். அன்று எடுத்ததுதான், அதில் சந்தேகம் வேண்டாம். குழுவில் போட்ட அதே நேரத்தில்தான் எடுத்தார்.

மற்றொன்று கேட்டிருந்தாய். அதை விட்டுவிடு. வேறு என்ன வேண்டுமானாலும் கேள், சொல்கிறேன். சர்டிபிகேட்டும் வேண்டாம் என்கிறார் அத்தான். “நாலு நாள் சிரிப்பானுவ, பொறவு மறந்து போவானுவ” என்கிறார். நான்தான் அவசரப்பட்டு உனக்கு அனுப்பிவிட்டேன்.

வெயில் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். மோர் குடி.

அக்கா


பெங்களூர்
6 ஏப்ரல் 2025

அன்பு அக்கா,

வணக்கம். நீயும் அத்தானும் நலமா? கோபப்படாமல் படி.

அத்தானின் வீடியோவை இந்த வார நிகழ்ச்சியில் எடுத்துக்கொண்டேன். பெயர் சொல்லவில்லை. ‘என் சொந்த அத்தான்’ என்று மட்டும் சொன்னேன். போன மாதம் தெரிந்தவன் ஒருவனின் வீடியோவை உண்மை என்று சொல்லி நான் வசமாக மாட்டிக்கொண்டது உனக்குத் தெரியாது. ‘வேண்டியவன் என்றால் விட்டுவிடுவான்’ என்று ஆளாளுக்கு எழுதினார்கள். சொந்தக்காரர் என்றாலும் விடமாட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது.

தீர்ப்பு: போலி. ஏதோ ஒரு சாதாரண நாளில், கரண்ட் இல்லாத நேரத்தில் எடுத்த படம். மேளத்தை அப்புறம் ஒட்டியிருக்கிறார்கள். இருட்டு முற்றத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினேன். வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதற்காக நம் வழக்கத்தையும் விளக்கினேன். வீட்டில் எத்தனை பெரிய நோயாளி கிடந்தாலும் அம்மன் வரும்போது விளக்கு வைப்பார்கள், வைக்காமல் இருக்க ஒரே காரணம் சாவுத் தீட்டு, அந்த வீட்டில் சாவு நடந்ததோ மறுநாள் காலையில், ஆகவே இது அன்று எடுத்த படமே அல்ல என்றேன். எவ்வளவு கச்சிதம் பார். இத்தனை நாளில் எந்த நிகழ்ச்சிக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

அத்தான் விளையாட்டுக்குத்தானே செய்திருப்பார்? நேரில் வரும்போது காலில் விழுந்துவிடுகிறேன். அவருக்கு இதையெல்லாம் யார் செய்துகொடுத்தது, தன்யாவா?

உன் உமேஷ்


பெங்களூர்
25 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? விஷு அன்று நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அத்தானும் எடுக்கவில்லை. வருஷம் தவறாமல் நீ அனுப்பும் விஷுக் கைநீட்டப் பணமும் வரவில்லை. எனக்கு வருத்தம் உண்டு. ஒரு வேடிக்கை வீடியோவுக்கு இவ்வளவா?

நிகழ்ச்சிக்குக் கீழே நம் ஊர்க்காரர் யாரோ எழுதியிருக்கிறார், ‘அந்த முற்றத்தைக் காட்டித் தந்ததற்கு நன்றி, எங்களுக்கும் இப்போதுதான் உறைத்தது’ என்று. எதற்கு நன்றி சொல்கிறார் என்று புரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. இரண்டு வரியாவது எழுது.

உமேஷ்


பாறசாலை
11 மே 2025

உமேஷுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதக் கை வரவில்லை.

கருணாகரன் சேட்டன் மறுநாள் காலையில் போகவில்லை. பறையெடுப்பு அன்று சாயங்காலமே, விளக்கு ஏற்றுகிற நேரத்தில் போய்விட்டார். சேச்சி முற்றத்தில் பறையில் நெல்லை நிறைத்து வைத்துவிட்டு, திரி போட உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். மூச்சு இல்லை. சந்து முனையில் மேளம் கேட்கிறது. சாவு என்று சொன்னால் அம்மன் அந்த இடத்திலேயே திரும்பிப் போக வேண்டும். வெளியே சொல்லவும் மனசில்லை, தீட்டோடு அம்மனுக்கு விளக்கு வைக்கவும் மனசில்லை. பறையைத் தூக்கி உள்ளே வைத்தார். சுவருக்கு மேலே எட்டி அத்தானைக் கூப்பிட்டார்.

வீடியோவைக் குழுவில் தட்டிவிட்டு அத்தான் இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போனேன். சேச்சி அழவில்லை. “அண்ணா, இன்னு திரிச்சு போயால் பின்னே அம்மை ஈ வழி வரில்ல. அத்தேஹம் அதினு வேண்டி எத்ர வழக்கு கூடியதா. நேரம் வெளுக்கட்டே, பின்னே பறயாம்” என்றார். இன்று திரும்பினால் அம்மன் இனி இந்த வழி வரவே மாட்டாள், அவர் அதற்காக எவ்வளவு சண்டை போட்டார், விடிந்ததும் சாவைச் சொல்லலாம் என்கிறார். அத்தான் சந்து முனைக்குப் போய் கமிட்டிக்காரர்களிடம், “கருணாகரன் சேட்டனுக்கு ரொம்ப முடியல்ல, இங்கே நிக்காண்டாம், மத்த வீட்டுக்குப் போங்க” என்றார். யானை அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. சேச்சி கதவைச் சாத்திக்கொண்டு பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத மனுஷன் அன்று சொன்ன பொய் அது ஒன்றுதான். வீடியோவில் பொய் இல்லை.

நீ போலி என்று சொன்ன பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சேச்சி மாட்டிக்கொள்வார். ஊரே சிரித்தது, சகித்துக்கொண்டார். ஆனால் ஊரில் எல்லோரும் உன்னைப் போல இல்லை. கமிட்டியில் இருக்கிற மனு என்கிறவன் உன் வீடியோவை நாலு தடவை பார்த்திருக்கிறான். ஆட்களோடு வீட்டுக்கு வந்து அத்தான் முன்னாலேயே சொன்னான்: “கைலாசண்ணனுக்கு ரீசார்ஜ் செய்யவே ஆளு வேணும், மேளத்தை எப்படி ஒட்டுவாரு? அப்போ வீடியோ அண்ணைக்கு எடுத்ததுதான். விளக்கு இல்லேன்னா அண்ணைக்கே சாவாக்கும். உங்க மச்சினனே சொல்லித் தந்தாச்சே.” அத்தான் தலை குனிந்து நின்றார்.

சேச்சியைக் கோவிலுக்குக் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு நாள் தீட்டு கழியவில்லை என்று நடைக்கு வெளியே வெயிலில் நிறுத்திக் கேட்டார்கள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். நேற்று முன்தினம் கோவிலில் தீட்டுக் கழிக்கச் சுத்திகலசம் நடந்தது. இனி பறையெடுப்பு பழையபடி ஜங்ஷனோடு திரும்பும் என்று முடிவு செய்துவிட்டார்கள். சேட்டன் வாங்கித் தந்த வழி ஒரே ஒரு தடவையோடு போயிற்று. சந்தில் ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நான் தண்ணீர் பிடிக்கக்கூடச் சேச்சி வெளியே இல்லாத நேரம் பார்த்துத்தான் போகிறேன்.

அதை விட்டுவிடு என்று எழுதினேனே, எலே. அக்கா அப்படி எழுதினால் ஒரு காரணம் இருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

ஆனந்தலட்சுமி


பெங்களூர்
12 மே 2025

அக்கா,

உன்னுடைய கடிதத்தைப் படித்தேன். நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

நிகழ்ச்சியைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் அது பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்த பிறகு. எவ்வளவு கச்சிதம் என்று உனக்கே எழுதினேனே. அந்த வரியை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் செய்ததை நானே சரிசெய்கிறேன். முழுதாக ஒரு வீடியோ போடுகிறேன். அத்தான் நேர்மையானவர், சேச்சி செய்ததில் தப்பே இல்லை என்று எல்லோருக்கும் சொல்கிறேன். கமிட்டிக்கும் எழுதுகிறேன். நீ சரி என்று மட்டும் சொல்.

உமேஷ்


பாறசாலை
20 மே 2025

அன்புள்ள மக்கா உமேஷ்,

கைலாசநாதன் எழுதுவது. சௌக்கியம். உன் அக்கா உன்னுடைய கடிதத்தைக் காட்டினாள்.

இன்னொரு வீடியோ வேண்டாம். கமிட்டிக்கும் எழுதாதே. நீ எவ்வளவு நல்லதாகச் சொன்னாலும் அதில் சேச்சியின் வீடு இருக்கும், செத்துக் கிடந்த மனுஷன் இருப்பார். ஊர் மறுபடியும் உட்கார்ந்து பார்க்கும். போதும்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் உண்டு. உன் நிகழ்ச்சியை ஆபீஸ் வாசலில் டீக்கடையில் வைத்து எனக்கே போட்டுக் காட்டினார்கள். ‘என் சொந்த அத்தான்’ என்று நீ சொல்லிச் சிரித்த இடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு வரை வந்தது. சேச்சியைக் காட்டிக்கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அதை நினைத்து எனக்கும் வெட்கம்தான். உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்த வெளிச்சம் என்ன என்று நீ கேட்கவே இல்லை. திருவிழாக் கடைக்காரன் கையிலிருந்து நழுவிய லைட் பலூன் கொத்து. ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் மரத்தில் மாட்டிக் கிடந்ததாகப் பால் வெட்டுகிறவர்கள் சொன்னார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கைலாசநாதன்


பெங்களூர்
2 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். மழை எப்படி? சந்தில் தண்ணீர் ஏறியதா?

அத்தான் சொன்னபடி ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சேனலை நிறுத்திவிட்டேன். ஓணத்துக்கு ஊருக்கு வரலாமா என்று கேட்க எழுதுகிறேன். வராதே என்றால் வரவில்லை. சேச்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று இன்னும் தெரியவில்லை.

உமேஷ்


பாறசாலை
14 செப்டம்பர் 2025

அன்புள்ள உமேஷுக்கு,

நாங்கள் சுகம். ஓணத்துக்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும். வா என்று எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. வராதே என்றும் எழுத முடியவில்லை. நம் வீட்டுக்கு வருகிறவன் சேச்சி வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும், அதனால்தான்.

நேற்று சேச்சி நம் வீட்டுக்கு வந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான் காப்பி போட்டேன். குடித்துவிட்டு, அம்மன் சந்துக்குள் வந்ததைத் தான் பார்க்கவே இல்லையே என்றார். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாரே. இனி பார்க்கவும் வழியில்லை. அத்தான் எடுத்த வீடியோவில் யானை தெரியாவிட்டாலும் மேளம் கேட்கும் என்று தன்யா சொன்னாளாம். துபாய்க்குப் போகுமுன் உன் நிகழ்ச்சியைத்தான் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

“ஆனந்தம், நின்றெ தம்பி சிரிக்காத்த ஒரெண்ணம் உண்டோ?” என்று கேட்டார்.

நீ சிரிக்காத ஒரு வீடியோ இருக்கிறதா என்று கோபமாகக் கேட்கவில்லை, உமேஷ். கடனாக ஒரு படி அரிசி கேட்பதுபோலக் கேட்டார். எனக்குத்தான் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அத்தான் தன் ஃபோனில் இருந்ததை அப்போதே அழித்தாயிற்று. சுத்திகலசம் முடிந்ததும் மனு குழுவில் இருந்ததையும் அழித்தான். நானும் என் ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன். வெளியே சுற்றுவதில் யாரோ சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நான் உனக்கு அனுப்பியது உன்னிடம் இருந்தால் அனுப்பு.

அக்கா


பெங்களூர்
15 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

நீ, அத்தான், சேச்சி மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும்.

இருக்கிறது. இதோடு இணைத்திருக்கிறேன். நீ அனுப்பியது அனுப்பியபடியே. ஆனால் சேச்சிக்குப் போட்டுக் காட்டுமுன் நீ தனியாக ஒரு தடவை கேட்டுவிடு. கடைசியில், மேளம் நன்றாக ஏறிவரும் இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வருகிறது. “அண்ணா... அண்ணா...” என்று இரண்டு தடவை. உடனே படம் நின்றுவிடுகிறது. அத்தான் ஃபோனை இறக்கியது அதற்காகத்தான் இருக்கும். உங்கள் ஃபோனில் அது மேளத்தில் மூழ்கிப்போயிருக்கும். நான் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கிறவன்.

மார்ச் மாதமே எனக்கு அது கேட்டது, அக்கா. அந்தக் குரலும் மேளமும் ஒரே நேரத்தில் ஒரே ஃபோனில் பதிந்தவை. எங்கள் தொழிலில் இருக்கிற சின்னப் பையனுக்கும் அது தெரியும். மேளம் ஒட்டவைத்தது இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அப்படியானால் இருட்டு முற்றத்தை வைத்து நான் எழுதிய கதை நிற்காது. நிகழ்ச்சி பாதி தயாராகிவிட்டது. அந்தக் குரலை வெட்டிவிட்டு மீதியை வைத்துத் தீர்ப்புச் சொன்னேன். யார் கூப்பிடுகிறார்கள், ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மே மாதம் உன் கடிதம் வந்தபோதுதான் அது சேச்சி என்று தெரிந்துகொண்டேன். அப்போதும் உனக்கு எழுதவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அனுப்புவதில் எதையும் வெட்டவில்லை. சேச்சியின் குரல் அதில் இருக்கிறது என்று சேச்சியிடம் சொல்லிவிட்டுப் போடு. அதை நான்தான் வெட்டினேன் என்றும் சொல். அத்தானிடமும் சொல். அதற்குப் பிறகு நான் வரலாமா என்று சேச்சியிடமே கேட்டு எழுது.

உமேஷ்